புழக்கத்தில் உள்ள பூட்டு

கண்ணாடிக் குடுவை என் மனைவியின் கையிலேயே உடைந்தது. கழுவிக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டின் உட்புறத்தில் வெட்டு. ரத்தம் நின்றது, காயம் ஆறியது. உள்ளே ஒரு நரம்பு அறுந்திருந்தது. அதையும் தைத்தார்கள். ஆனால் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் உணர்ச்சி இல்லை. விரல்கள் மடங்கின, நீண்டன. எதைத் தொடுகின்றன என்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

"தைச்ச எடத்துலேருந்து நரம்பு மறுபடி வளரணும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும்" என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்ததும் அவள் தையல் நாடாவை எடுத்தாள். தழும்பிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்தாள். பதினெட்டு சென்டிமீட்டர்.

"ஆறு மாசம்" என்றாள். நாடாவைச் சுருட்டி உள்ளே வைத்தாள்.

அவள் பல்செட் செய்கிற லேபில் வேலை பார்த்தாள். பத்தொன்பது வருடம். பல்லை முதலில் மெழுகில் செதுக்குவார்கள். மேடு, பள்ளம், கடிக்கிற விளிம்பு எல்லாம் மெழுகில் வந்த பிறகுதான் மற்றது. மெழுகில் தவறினால் வாயில் தவறும். பார்த்தவுடன் கட்டின பல் என்று தெரிந்தால் அது நல்ல பல் இல்லை என்பாள். எங்கேயாவது முன்பின் தெரியாத ஒருவர் சிரித்தால் சற்று நின்று பார்ப்பாள். நான் முழங்கையால் இடிப்பேன்.

லேப் முதலாளியம்மா ஏழு மாதம் இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார். ஏழாவது மாதத்தின் கடைசி சனிக்கிழமை, பதினொரு மணிக்கு வந்து ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கிக் காட்ட வேண்டும். சரியாக வந்தால் நாற்காலி அவளுக்கு. இல்லையென்றால் திங்கட்கிழமை வேறொருவர் உட்காருவார்.

உணர்ச்சி இல்லாத கை பலம் தெரியாத கை. முட்டையை எடுத்தால் நொறுங்கும். காகிதக் கோப்பை நசுங்கும். பேனாவைப் பிடித்து எழுதினால் தாள் கிழியும். இல்லாவிட்டால் எல்லாம் நழுவும். நடுவில் ஒன்றும் கிடையாது.

கைப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு கிண்ணம் நிறையக் காய்ந்த பயறு கொடுத்தாள். அதற்குள் பொத்தான்களைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு தேட வேண்டும். என் மனைவி மூன்று வாரம் தேடினாள்.

"பொத்தான் கெடச்சுது. அதுக்கு மேல அதுகூட என்ன பேசறது?" என்றாள்.

அவள் தம்பி பழைய கட்டடங்களை இடிக்கிற கம்பெனியில் லாரி ஓட்டுகிறான். வாயும் லாரி மாதிரிதான், பிரேக் கிடையாது. மூன்றாவது மாதம் ஒரு நாள் சாக்கு மூட்டையோடு வந்தான். தரையில் கொட்டினான். கதவுப் பூட்டுகள். பித்தளை, இரும்பு, பெயின்ட் அப்பியது, சுண்ணாம்பு ஒட்டியது.

"அக்கா, பேப்பர் பறக்காம இருக்க மேல வச்சுக்கோ."

"அவ்வளவு பேப்பர் இந்த வீட்டுல இல்லடா."

"மாமா நூலகத்துலேருந்து தள்ளிட்டு வருவார்."

நான் நூலகத்தில் வேலை செய்கிறேன். நான் ஆணி அடித்தால் சுவர்தான் பெயரும். அதனால் இந்த வீட்டில் சுத்தியல் அவளுடையது.

அவள் ஒரு பூட்டை இடது கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்குச் சாவி?"

"சாவி இருந்தா நான் ஏன்க்கா கடப்பாரை போட்டுப் பேக்கறேன்?"

"அப்ப இத யாரும் திறக்க முடியாதா?"

"திறந்து எங்க போகப்போற? கதவே இல்ல."

அவன் போன பிறகும் அவள் அந்தப் பூட்டைக் கீழே வைக்கவில்லை.

அந்த வாரமே கைபேசியில் காணொளி போடுகிற ஒருவரைக் கண்டுபிடித்தாள். முகம் தெரியாது. இரண்டு கைகளும் ஒரு பூட்டும் மட்டும் தெரியும். சாவியில்லாமல் பூட்டுத் திறப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். ஒவ்வொரு முறையும் கம்பியை எடுப்பதற்கு முன் அவர் இரண்டு விதிகளைச் சொல்வார். அதைச் சொல்லாமல் ஆரம்பிக்கவே மாட்டார்.

"எழுதுங்க" என்றாள் என்னிடம்.

ஒரு அட்டையில் எழுதினேன். ஒன்று: உன்னுடையது அல்லாத பூட்டைத் தொடாதே. இரண்டு: புழக்கத்தில் உள்ள பூட்டைத் தொடாதே.

"முதல் விதி புரியுது. ரெண்டாவது எதுக்கு?" என்றேன்.

"பழகறப்ப பூட்டு கெட்டுப் போகலாம். கெட்டா, அன்னிக்கு ராத்திரி கதவைச் சாத்தறது எப்படி?"

அட்டையைச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டினாள். கம்பிகள் தபாலில் வந்தன. மூக்குக்கண்ணாடி உறை அளவுக்கு ஒரு தோல் பை, அதற்குள் ஆறு கம்பிகள்.

"பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?" என்றேன்.

"பல்லு கட்டறவ பூட்டுத் திறக்கறான்னு நெனப்பாங்க."

கீழ் வீட்டுக்காரர் மறுநாளே இரண்டாவது பூட்டு போட்டார்.

பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அவள்தான் எனக்குப் படம் போட்டுக் காட்டினாள், இடது கையால். நடுவில் சாவி நுழைகிற உருளை. வரிசையாக ஐந்து பின்கள். ஒவ்வொரு பின்னும் இரண்டு துண்டு. ஒரு துண்டு உருளைக்குள், ஒரு துண்டு வெளியே ஸ்பிரிங்கோடு. இரண்டும் சந்திக்கிற கோடு உருளையின் விளிம்போடு ஒத்துப்போனால் அந்தப் பின் வழிவிடும். ஐந்தும் வழிவிட்டால் உருளை சுற்றும். சாவி ஐந்தையும் ஒரே நேரத்தில் சரி செய்யும். சாவி இல்லாதவர்கள் இடது கையில் வளைந்த கம்பியால் உருளையைச் சற்றே திருப்பிப் பிடித்துக்கொண்டு, வலது கையில் கொக்கிக் கம்பியால் ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். எது இறுக்கமாக இருக்கிறதோ அதுதான் முதலில். அது படிந்ததும் வேறொன்று இறுகும்.

"ஒண்ணுமே தெரியாது. உள்ள ஒரே இருட்டு. வாய்க்குள்ள மாதிரிதான்" என்றாள்.

கொக்கியை எந்தக் கையிலும் பிடிக்கலாம். இடது கைக்கு உணர்ச்சி முழுசாக இருந்தது. அவள் வலது கையில்தான் பிடித்தாள்.

முதல் வாரத்தில் மூன்று கொக்கிகளை உடைத்தாள். பூட்டோடு மல்லுக்கட்டினாள். உணர்ச்சி இல்லாத விரல், தெரியவில்லை தெரியவில்லை என்று இன்னும் அழுத்தியது. அழுத்தினால் எல்லாப் பின்களும் ஒரே மாதிரி இறுகும். பிறகு எது எதுவென்று யாருக்கும் தெரியாது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். "அழுத்தாத. அழுத்தாத." மேசைக்கு மறுபுறம் புத்தகம் படிக்கிற நான், அவள் காலை மிதித்துவிட்டேனோ என்று என் காலைத் தூக்கிக்கொள்வேன்.

பதினொன்றாவது நாள் ஒரு அலமாரிப் பூட்டு திறந்தது. மூன்று பின். நான் கைதட்டினேன். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"காதால திறந்தேன். 'டிக்'னு கேட்டுச்சு. விரல் ஒண்ணும் சொல்லல."

"திறந்துச்சா இல்லையா?"

"பல்லு சத்தம் போடாதுங்க."

மறுநாள் முதல் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து ஐந்து வாரம் ஒரு பூட்டுகூடத் திறக்கவில்லை. நான் அந்த ஐந்து வாரத்தைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பஞ்சை எடுத்திருந்தால் திறந்திருக்கும். அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். எடுக்கவில்லை. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். அதே அலமாரிப் பூட்டு. அதே மூன்று பின். நான் கூப்பிட்டால் கேட்காது. சாப்பிட வரச்சொல்லிச் சீட்டு எழுதி முன்னால் வைப்பேன். பஞ்சை எடுக்காமலே "வரேன்" என்று கத்துவாள்.

நான்காவது மாதக் கடைசியில் ஒரு நாள் கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டை விரலைப் பார்த்தாள்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

நான் எழுந்து வந்து பார்த்தேன்.

"எறும்பு இல்லங்க."

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. ஒரு நோட்டு போட்டாள். ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு எண். எத்தனை பின், எந்த வரிசையில் படிந்தது, எத்தனை நிமிடம். அவள் சொல்ல நான் எழுதுவேன். மூன்று, ஒன்று, ஐந்து, இரண்டு, நான்கு. அடுத்த பூட்டில் வேறு வரிசை. ஒரே மாதிரி செய்த பூட்டுகளும் உள்ளுக்குள் ஒரே மாதிரி இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு பூட்டு எட்டு நாள் அவளை அலைக்கழித்தது. ஐந்தும் படிந்த மாதிரி இருக்கும். உருளை ஒரு மயிரிழை சுற்றும், நிற்கும். அதற்கு மேல் நகராது. எட்டாவது நாள் திறந்ததும் அதைப் பிரித்துப் பின்களைத் தட்டில் கொட்டினாள். இரண்டு பின்கள் நூல்கண்டு மாதிரி நடுவில் இடுப்பு ஒடுங்கி இருந்தன. அந்த இடுப்பில் சிக்கித்தான் உருளை அரைகுறையாகச் சுற்றியிருக்கிறது. படிந்துவிட்டதாக நம்ப வைத்திருக்கிறது.

"ஏமாத்திட்டான்!" என்று சிரித்தாள். குடுவை உடைந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "யாரோ ஒருத்தன் உக்காந்து யோசிச்சிருக்கான். என்னிக்காவது ஒருத்தி வருவா, அவசரப்படுவா. அவளுக்காக இதோட இடுப்பக் கொஞ்சம் ஒடுக்கி வைப்போம்னு."

அந்தப் பின்னை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினாள். அரிசி அளவு பித்தளை. எங்கேயோ ஒரு பட்டறையில் யாரோ கடைந்தது. கதவுக்குள் போன பிறகு யாரும் பார்க்கப் போவதில்லை. அதை அவள் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். முன்பின் தெரியாதவர்களின் பற்களைப் பார்க்கிற பார்வை.

அந்தச் சனிக்கிழமை வந்தது. நோட்டில் முப்பத்தொரு பூட்டு ஆகியிருந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் முக்கால்வாசி தேறியிருந்தன. நடுவிரல் நுனி இன்னும் மரத்திருந்தது. அவள் வேலைப் பையைத் திறந்து கத்திகளை எண்ணினாள். மூடினாள். மறுபடி திறந்து எண்ணினாள்.

லேப் நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது. முக்கால் மணி நேரப் பயணம். அவள் தம்பி லாரியில் கூட்டிப்போவதாகச் சொல்லி ஒன்பது மணிக்கே வந்துவிட்டான். மேசைமேல் பூட்டுகள் கிடந்தன.

"என்ன மாமா, இன்னும் சொப்பு விளையாட்டு முடியலையா?"

"சொப்பா? முப்பத்தொரு பூட்டு, மாப்ள."

"எல்லாம் நான் பேத்த பூட்டு. செத்த பாம்ப அடிக்கறதுல என்ன வீரம்?"

எனக்குச் சுருக்கென்றது.

"எங்க வாசக்கதவையே திறப்பா. பாக்கறியா?"

அவள் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"ரெண்டு நிமிஷ வேலை உனக்கு. திறந்துட்டுக் கிளம்பலாம். மனசு தெம்பா இருக்கும்."

நான் அதை நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். பத்தொன்பது வருட வேலையைக் காட்டப் போகிறவள் கைக்கு ஒரு வெற்றி கிடைத்தால் நல்லது என்று நினைத்தேன். பாதி உண்மை. மீதி, மச்சான் வாயை அடைக்க வேண்டும்.

"அட்டைல நீங்கதானே எழுதினீங்க?"

"நம்ம பூட்டுதானே. முதல் விதிக்குக் குறை இல்ல."

"ரெண்டாவது?"

"விடுங்க மாமா" என்றான் அவன். "அக்காவால முடியலன்னா எதுக்கு வம்பு?"

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். தோல் பையை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வெளியே போனாள். நான் கதவைச் சாத்தி உள்ளிருந்து பூட்டிச் சாவியை எடுத்தேன்.

கதவில் வெளியே பார்க்கச் சின்னத் துளை உண்டு. அதில் கண்ணை வைத்தேன். அவள் வகிடு தெரிந்தது. மண்டியிட்டிருந்தாள். நான்கு நிமிடம். பிறகு உருளை சுற்றுகிற சத்தம். நான் மச்சானைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன்.

டக் என்று ஒரு சத்தம். சுற்றுவது நின்றது.

"ஏங்க."

"சொல்லு."

"பாதியில நிக்குது."

"திருப்பிப் பாரு."

"ரெண்டு பக்கமும் போகல. உங்க சாவியப் போடுங்க."

போட்டேன். நுழைந்தது. சுற்றவில்லை. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

"உன் சாவி?"

"என் பையில, உள்ள. இருந்தாலும் நுழையாது."

கதவுக்கு வெளியிலிருந்தே விளக்கினாள். எங்கள் கதவில் தாழ் விலக உருளை ஒரு முழுச் சுற்று வர வேண்டும். அரைச் சுற்றில் சாவித் துவாரத்தின் திறந்த அடிப்பக்கம் ஸ்பிரிங்குகளுக்கு நேராக வருகிறது. சாவி உள்ளே இருந்தால் அது அடைத்துக்கொள்ளும். சாவி இல்லை. ஐந்து வெளித் துண்டுகளும் ஸ்பிரிங் தள்ள அந்தத் துவாரத்துக்குள் இறங்கிவிட்டன. ஐந்து ஆணி அடித்த மாதிரி. அவள் இதுவரை திறந்ததெல்லாம் கதவில்லாத பூட்டு. கால் சுற்று சுற்றினதும் திறந்துவிட்டது என்று எழுதிக்கொள்வோம். அரைச் சுற்று வரை போனதே இல்லை.

சாவியால் திறக்கிற யாருக்கும் இது நேராது. திருடனுக்கும் நேராது, அவனுக்குத் தொழில் தெரியும். அரைகுறையாகக் கற்றவர்களுக்கே உரிய விபத்து. அதிலும், புருஷன் வாய்க்கொழுப்பு கூடச் சேர வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்று புத்தகத்தில்தான் படித்திருந்தேன்.

மணி ஒன்பது இருபது. உள்ளே நானும் மச்சானும், லாரிச் சாவியும், அவள் கத்திகளும், அவள் செருப்பும். வெளியே அவள்.

பூட்டு பழுது பார்ப்பவரைக் கைபேசியில் கூப்பிட்டேன்.

"எப்படி மாட்டுச்சு?"

"என் மனைவி கம்பி விட்டுத் திறந்தாங்க."

சற்று நேரம் சத்தம் இல்லை. சிரித்திருப்பார். "வர ரெண்டு மணி நேரம் ஆகும் சார். துளை போட்டுத்தான் எடுக்கணும்."

மச்சான் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தான். மூன்றாவது மாடி.

"கயிறு கட்டி எறங்கட்டுமா மாமா?"

"இடிக்கறதுதான் உன் வேலை. விழறது இல்ல."

"அப்ப இடிச்சுடலாம். கடப்பாரை இருக்கு."

"எங்க?"

"லாரில."

இருவரும் ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்தோம்.

நான் கதவருகே போனேன். "இங்க பாரு. பையையும் செருப்பையும் ஜன்னல் வழியா எறக்கறேன். வாடகைக் கார் பிடிச்சு நீ போ. நாங்க இருந்துக்கறோம்."

துளை வழியாகப் பார்த்தேன். வகிடு அசையவில்லை.

"போயி?" என்றாள். "இங்க அஞ்சு பின்னு எங்க இருக்குன்னு தெரியாதவ அங்க போயி எதச் செதுக்கப் போறேன்?"

கையில் எடுத்திருந்த செருப்பைக் கீழே வைத்தேன்.

"மெலிசா, தட்டையா ஏதாவது வேணும். துவாரத்துக்குள்ள விட்டு அஞ்சையும் ஒண்ணா ஏத்திப் பிடிச்சுக்கிட்டுத் திருப்பணும். கதவுக்கு அடியில அனுப்புங்க."

இரண்டு ஆண்களும் வீட்டைத் தலைகீழாக்கினோம். இரும்பு ஸ்கேல் அனுப்பினேன். "அகலம்." ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற கத்தி. "தடிமன்." என் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைக்கிற தகரப் பட்டை. "வளையுது." மச்சான் தன் இடுப்புப் பட்டையின் கொக்கியைக் கழற்றி அனுப்பினான்.

"இது என்னடா?"

"எங்கிட்ட வேற இரும்பு இல்லக்கா."

எல்லாம் ஒவ்வொன்றாகக் கதவுக்கு அடியில் திரும்பி வந்தன.

"என் பையத் திறங்க. மெழுகுக் கத்தி இருக்கும். நுனி தட்டையா, முழுக்க எஃகு."

எனக்குத் தெரியும் அது எதுவென்று. லேபில் சேர்ந்த முதல் வருடம் வாங்கியது. பென்சிலைவிட மெல்லியது. கட்டை விரல் படுகிற இடம் மட்டும் பத்தொன்பது வருடத்தில் தேய்ந்து பளபளவென்று இருக்கும்.

"அது மெழுகுக்குத்தான் தாங்கும். உடைஞ்சுடும்."

"தெரியும். அனுப்புங்க."

தரையில் வைத்துத் தள்ளினேன். அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மணி ஒன்பது நாற்பது.

துளை வழியாக வகிடு மட்டும்தான். ஆனால் அவள் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஐந்து மாதம் மேசைக்கு மறுபுறம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கும். மணிக்கட்டு நேராக இருக்கும். தழும்பு மேலே தெரியும். கத்தி கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில். நடுவிரல் அடியில் தாங்கும். எல்லாம் அந்த மரத்த நுனியின் மேல்.

"ஒண்ணு" என்றாள்.



"ரெண்டு."

மச்சான் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"மூணு... நாலு."

பிறகு எதுவும் வரவில்லை. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மாடிப்படியில் யாரோ ஏறினார்கள். கீழ் வீட்டுக்காரரின் குரல் கேட்டது.

"என்னம்மா, உங்க வீடுதானே?"

"எங்க வீடுதான் சார்."

"சாவி?"

"இருக்கு சார்."

அவர் இறங்கிப் போகிற சத்தம் மெதுவாகக் கேட்டது.

"தன் கையே தனக்கு உதவின்னு சும்மாவா சொன்னாங்க" என்று மச்சான் முணுமுணுத்தான்.

"டேய், உள்ள யாராவது பேசினா அப்படியே விட்டுட்டுப் போயிடுவேன்" என்றாள்.

பிறகு, சின்னக் குரலில்: "அஞ்சாவது தெரியல."

கடைசிப் பின். துவாரத்தின் ஆழத்தில் இருப்பது. கத்தியின் நுனி மட்டும் படுவது.

காதால் கேட்டுப்பார் என்று சொல்ல வாயெடுத்தேன். பஞ்சு ஞாபகம் வந்தது. அன்று காலையில் முதல் முறையாக வாயை மூடிக்கொண்டேன்.

சரசரவென்று ஐந்து சின்னச் சத்தங்கள் கதவுக்குள் கேட்டன.

"விட்டுட்டேன்" என்றாள்.

"என்னத்த?"

"எல்லாத்தையும். அஞ்சாவதத் தேடி நாலையும் அழுத்திட்டேன். முதல்லேருந்து வரேன்."

மணி பத்து அடிக்க மூன்று நிமிடம் இருந்தது. நானாக இருந்தால் அந்த நான்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மதியம் வரை அழுதிருப்பேன். கையில் இருக்கிற நான்கை விட்டுவிட்டு வெறுங்கையோடு ஆரம்பிக்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அந்தக் கதவின் இந்தப் பக்கம் நின்றுதான் தெரிந்துகொண்டேன். உள்ளங்கையைக் கதவில் வைத்தேன். மரம் குளிர்ந்திருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் பத்து விரல்களுக்கும் முழு உணர்ச்சி இருந்தது.

இந்த முறை அவள் எண்ணவில்லை. நேரம் போனது. துளையில் வகிடு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி மறைந்தது. நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"இருக்கு" என்றாள்.

"எது?"

"அஞ்சு." அவள் குரல் கதவுக்கு மிக அருகில் இருந்தது. "விரல்ல இருக்குங்க. நடுவிரல்ல."

உருளை சுற்றியது. நடுவில் பட்டென்று ஏதோ முறிந்தது. உருளை நிற்கவில்லை. தாழ் விலகியது.

கதவு திறந்தது. அவள் எழுந்து நின்றாள். முழங்காலில் தரையின் கோடுகள் பதிந்திருந்தன. மூக்கு நுனியில் வியர்வை. கையில் கத்தி, நுனியில் சுண்டு விரல் நகம் அளவுத் துண்டு இல்லை.

நான் ஏதோ சொல்ல வந்தேன்.

"செருப்பு" என்றாள்.

மணி பத்து எட்டு. பூட்டு பழுது பார்ப்பவரை வர வேண்டாம் என்று சொல்லி, புதுப் பூட்டு வரும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்ளும்படி கீழ் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு ஓடினோம். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் போட்டு உட்கார்ந்தார். அந்த மனிதருக்கு அன்று மிகப் பிடித்த வேலை கிடைத்தது.

லாரி ஒரு சிக்னலில் நின்றபோது மச்சான் தொண்டையைக் கனைத்தான்.

"அக்கா, செத்த பாம்புன்னு சொன்னேன்ல, அத வாபஸ் வாங்கிக்கறேன்."

"ரோட்டப் பாரு."

லேபில் நான் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அவள் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து உயரத்தைச் சரி செய்துகொண்டாள். வேறு யாரோ மாற்றியிருந்தார்கள். முறிந்த கத்தியைச் சாணைச் சக்கரத்தில் காட்டி நுனியைத் தட்டையாக்கினாள். விளக்கை ஏற்றினாள். மெழுகைச் சூடாக்கினாள்.

ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. முன்பெல்லாம் இருபத்தைந்து நிமிடம். நான் மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. ஒரு தடவை செதுக்கினதை முழுக்க வழித்தெடுத்துவிட்டு மறுபடி மெழுகை வைத்தாள். மச்சான் என் காதில், "இப்பவும் விட்டுட்டாளா?" என்றான். "பேசாம இரு" என்றேன்.

முதலாளியம்மா பல்லை வாங்கினார். அச்சில் பொருத்தினார். மேல் தாடையும் கீழ்த் தாடையும் சேரும்படி மூடினார். கண்ணருகே கொண்டுபோய் நாலா பக்கமும் திருப்பினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் அந்தப் பல்லைத் தடவிப் பார்த்தார்.

"நேரம் ஜாஸ்தி" என்றார்.

"ஆமா மேடம்."

"பல்லு சரியா இருக்கு."

அவள் கத்தியைத் துணியில் துடைத்தாள்.

"கத்திக்கு என்ன ஆச்சு?"

"கதவு தின்னுடுச்சு மேடம்."

முதலாளியம்மா கண்ணாடிக்கு வெளியே என்னைப் பார்த்தார். எப்படித் தெரிந்ததோ. நான் சுவரில் மாட்டியிருந்த தாடைப் படத்தைப் படித்தேன்.

"திங்கக்கிழமைலேருந்து வாம்மா. அரை நாள். வேகம் வரட்டும், முழு நாள் பாக்கலாம். நாற்காலியில யாரும் உக்கார மாட்டாங்க."

வீடு திரும்புகிற வழியிலேயே புதுப் பூட்டு வாங்கினோம். மாலைக்குள் அவளே மாட்டினாள். நான் திருகாணிகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அதில் இரண்டைத் தொலைத்தேன். பழைய பூட்டைப் பிரித்துத் தட்டில் வைத்தாள். ஐந்து பின், ஐந்து ஸ்பிரிங், கத்தியின் நுனி. ஒவ்வொன்றாக வலது கையால் எடுத்துத் துணியில் துடைத்து வரிசையாக வைத்தாள். எதுவும் நழுவவில்லை. எதுவும் வளையவில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு எப்போதும்போல் எதிரே உட்கார்ந்தேன்.

"முப்பத்திரண்டு" என்றாள். "வாசக்கதவு. அஞ்சு பின்."

"எத்தனை நிமிஷம்?"

"எழுதாதீங்க."

மறுநாள் காலை தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அலமாரிக் கதவில் அட்டை இருந்தது. என் கையெழுத்தில் இரண்டு விதிகள். அவற்றுக்குக் கீழே மூன்றாவதாக ஒன்று. எழுத்துகள் பெரிதும் சிறிதுமாக, சற்றே கோணலாக ஏறி இறங்கின.

மூன்று: வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு எந்தப் பூட்டிலும் கை வைக்காதே.

அட்டையில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். பேனா எங்கேயும் கிழித்திருக்கவில்லை.